தட்டில் தங்கிய கடிதங்கள்

சென்னை ராஜாஜி சாலையின் சுங்க மாளிகையில் தொடங்கி ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் காமராஜர் துறைமுகம் வரை நீளும் கடலோரப் பட்டையில் வணிகம் கடிதத்தால்தான் நடக்கிறது. கப்பல் வரும் நாளை அறிவிப்பது மெயில். பில் ஆஃப் லேடிங்கின் வரைவைத் திருத்தி அனுப்புவது மெயில். கன்டெய்னர் கூடுதலாக நின்ற நாட்களுக்கான வாடகை யார் தலையில் விழ வேண்டும் என்று மாதக்கணக்கில் வாதாடுவதும் மெயிலில்தான். பெரிய நிறுவனங்களுக்கு இதற்கென்று சர்வரும் ஆட்களும் உண்டு. தம்புச் செட்டித் தெரு மாடியறையில் நாலு பேரோடு நடக்கும் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்துக்கோ, மணலி சாலையோர லாரி புக்கிங் ஆபீசுக்கோ, கப்பல்களுக்கு உதிரிப்பாகம் கொண்டுபோய்க் கொடுக்கும் சிறு வியாபாரிக்கோ அந்த வசதி கிடையாது. பத்து ஆண்டுக் கடிதங்கள் ஒரே லேப்டாப்பின் ஹார்டு டிஸ்க்கில் குவிந்து கிடக்கும். அந்த லேப்டாப் ஒரு நாள் காலையில் உயிர் பெறாது. அப்போது எல்லாரும் கேட்கும் கேள்வி, 'லேப்டாப்பைச் சரிசெய்ய முடியுமா?' என்பது. கேட்கவேண்டியது அது இல்லை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். லேப்டாப் வேறு, டிஸ்க் வேறு, கடிதங்கள் வேறு. பெரும்பாலான பழுதுகளில் முதலாவது போனாலும் மற்ற இரண்டும் பத்திரமாகவே இருக்கின்றன. கடிதங்கள் தொலைவது பெரும்பாலும் அதற்குப் பிறகு, லேப்டாப்பைச் சரிசெய்யும் அவசரத்தில்.

கடிதங்கள் ஏன் லேப்டாப்பில் இருக்கின்றன என்பதிலிருந்து தொடங்கவேண்டும். 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது, தொலைபேசிக் கம்பி வழியாக டயல் செய்துதான் இணைய முடியும். இணைப்பில் இருக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் செலவு உண்டு. சர்வரில் ஒருவருக்குக் கிடைத்த பெட்டியும் மிகச் சிறியது. எனவே இணைந்து, வந்த கடிதங்களை மொத்தமாக இறக்கிக்கொண்டு, உடனே துண்டித்துவிட்டு, பிறகு நிதானமாகப் படிப்பதே பழக்கமானது. அந்தப் பழக்கத்துக்குப் பொருந்திய முறை பாப்3. அஞ்சலகத்துக்குப் போய்ப் பையை வாங்கிவந்து வீட்டில் பிரிப்பதுபோல, சர்வரில் இருப்பதை எடுத்துக்கொண்டு அங்கிருப்பதை அழித்துவிடுவது அதன் இயல்பு. சர்வரில் ஒரு நகல் இருக்கட்டும் என்று சொல்லும் தேர்வு இருந்தது. பழைய அவுட்லுக் எக்ஸ்பிரஸில் அதை நாமே தேடிப்போய் டிக் செய்யவேண்டும். பலர் செய்யவில்லை. விஎஸ்என்எல் 2002-இல் டாட்டா குழுமத்துக்குப் போய், 2008-இல் பெயரும் மாறியது. அகலப்பட்டை வந்தது, கட்டணம் குறைந்தது. ஆனால் அலுவலகத்தில் முதன்முதலில் கணினியை அமைத்துக்கொடுத்தவர் போட்ட அமைப்பு, ஒரு கணினியிலிருந்து அடுத்த கணினிக்கு அப்படியே நகர்ந்தது. 1990-களின் தொலைபேசிக் கட்டணம் எடுத்த முடிவின் விளைவை 2020-களின் லேப்டாப்புகளிலும் காணலாம்: ஒரே நகல், ஒரே டிஸ்க்.

இதற்கு எதிராக உடனே வரும் மறுப்பு, 'இப்போது எல்லாம் ஜிமெயிலில்தானே இருக்கிறது, டிஸ்க்கைத் தோண்டுவானேன்?' என்பது. பாதி சரியான மறுப்பு. ஐமேப் முறையிலோ பிரவுசர் வழியாகவோ மெயில் பார்ப்பவருக்கு மூலப்பிரதி சர்வரில் இருக்கிறது. லேப்டாப்பில் இருப்பது அதன் நிழல்தான். வேறொரு கணினியில் கடவுச்சொல்லைப் போட்டால் வேலை முடிந்தது. லேப்டாப் போனதும் டிஸ்க்கைத் தொடுவதற்கு முன்பே இதைச் சோதித்துவிட வேண்டும். பல நேரம் அதோடு பிரச்சினையே தீர்ந்துவிடும். மறுபாதியைப் பார்ப்போம். ஜிமெயிலின் இலவச இடம் 15 ஜிபி. ஸ்கேன் செய்த ஆவணங்கள் வந்துகொண்டே இருக்கும் ஒரு ஏஜென்சிக்கு அது சீக்கிரம் நிரம்பும். நிரம்பியதும் பழைய கடிதங்களை லேப்டாப்பில் ஒரு ஆர்க்கைவ் கோப்புக்கு இழுத்துப் போட்டுவிட்டு சர்வரில் அழிப்பது வழக்கம். அவுட்லுக்கின் ஆட்டோஆர்க்கைவை இயக்கியிருந்தால் அது பழைய கடிதங்களைத் தானாகவே நகர்த்தும். ஆக, மிகப் பழைய கடிதங்கள், அதாவது தகராறு வரும்போது தேவைப்படும் கடிதங்கள், டிஸ்க்கில் மட்டும் எஞ்சுகின்றன. இரண்டு ஆண்டு பயன்படுத்தாத கணக்குகளை நீக்கும் கொள்கையை கூகுள் 2023 மே மாதம் அறிவித்து, டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்தியது. சொந்த டொமைனில் மெயில் வைத்திருக்கும் சிறு நிறுவனம் ஆண்டுக் கட்டணத்தைக் கட்டத் தவறினால், பெட்டியே போய்விடும். மேகம் என்று நாம் சொல்வதும் யாரோ ஒருவர் வாடகைக்கு விட்ட டிஸ்க்தான். வாடகை நின்றால் பொருளும் நிற்காது.

சரி, கடிதங்கள் டிஸ்க்கில்தான் என்றாகிவிட்டது. லேப்டாப் ஆன் ஆகவில்லை என்றால் காரணம் சார்ஜிங் முனையாக இருக்கலாம், மதர்போர்டாக இருக்கலாம், திரையாக இருக்கலாம், விண்டோஸ் குலைந்ததாக இருக்கலாம். இவற்றில் எதுவும் டிஸ்க்கின் பழுது அல்ல. பின்பக்க மூடியைத் திறந்து, உள்ளங்கையில் அடங்கும் இரண்டரை அங்குல டிஸ்க்கை எடுத்து, சாட்டாவை யுஎஸ்பியாக மாற்றும் ஒரு கேபிளில் செருகி இன்னொரு கணினியில் இணைத்தால் போதும். அந்தக் கேபிளுக்காக வடசென்னைக்காரர் ரிச்சி ஸ்ட்ரீட் வரைக்கும் போகவேண்டியதில்லை. பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜாரில் கேட்டாலே போதும். குச்சி வடிவ எம்.2 டிஸ்க்காக இருந்தால் அதற்கான உறை வேறு. இணைத்த பிறகு எங்கே தேடுவது என்பதில்தான் பலர் தோற்கிறார்கள். டாக்குமென்ட்ஸ் போல்டரைப் பார்த்து, மெயில் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அவுட்லுக் கடிதங்கள் முழுவதும் பிஎஸ்டி என்ற ஒற்றைக் கோப்புக்குள் இருக்கும். 2010 பதிப்பிலிருந்து அது பெரும்பாலும் டாக்குமென்ட்ஸுக்குள் 'அவுட்லுக் ஃபைல்ஸ்' போல்டரில் கிடக்கும். அதற்கு முந்தைய பதிப்புகளில் பயனர் பெயருக்குக் கீழே விண்டோஸ் மறைத்து வைத்திருக்கும் ஆப்டேட்டா போல்டருக்குள். தண்டர்பேர்டு தன் கடிதங்களை அதே மறைவிடத்தில் புரொஃபைல்ஸ் போல்டருக்குள், பின்னொட்டே இல்லாத 'இன்பாக்ஸ்', 'சென்ட்' என்ற கோப்புகளாக வைக்கும். அந்தப் புரொஃபைல் போல்டரை முழுதாக நகலெடுத்துப் புதுக் கணினியில் வைத்தால் கடிதம், முகவரி, அமைப்பு எல்லாம் திரும்பக் கிடைக்கும். விண்டோஸின் நுழைவுக் கடவுச்சொல் இதற்குத் தடையில்லை. அது கதவுக்குத்தான் பூட்டு, அலமாரிக்குப் பூட்டு இல்லை. முக்கிய விதிவிலக்கு பிட்லாக்கர். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பயன்படுத்தும் பல புதிய லேப்டாப்புகளில் டிஸ்க் முழுவதும், உரிமையாளர் கவனிக்காமலே, குறியாக்கம் ஆகிவிடுகிறது. அதைத் திறக்க 48 இலக்கச் சாவி வேண்டும். பெரும்பாலும் அது அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் சேமிக்கப்பட்டிருக்கும். கணக்கின் கடவுச்சொல்லும் மறந்துபோய், சாவியும் இல்லையென்றால் கடிதங்கள் அங்கேயே இருந்தும் பயனில்லை. லேப்டாப் நன்றாக இருக்கும்போதே அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வைப்பது ஒன்றுதான் வழி.

டிஸ்க்கே நோயுற்றிருந்தால் கதை மாறுகிறது. இங்கே முதலில் சொல்லவேண்டியது, எச்சரிக்கையை நம்பி இருக்கக்கூடாது என்பது. கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2007-இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில், பழுதான டிஸ்க்குகளில் 56 விழுக்காட்டுக்கு மேல் முக்கியமான நான்கு எச்சரிக்கை அளவீடுகளில் எந்த அறிகுறியும் காட்டாமலே போயின என்று கண்டார்கள். மெதுவாவது, கோப்பு திறக்கத் தயங்குவது, டிக் டிக் என்று ஒரே தாளத்தில் ஒலிப்பது எல்லாம் வந்தால் அதிர்ஷ்டம் என்றே கொள்ளவேண்டும். அந்த ஒலி கேட்ட டிஸ்க்கை மீண்டும் மீண்டும் ஆன் செய்து பார்ப்பது மிகப் பெரிய தவறு. சுழலும் தட்டுக்கு மேல், தலைமுடியின் தடிமனைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறைந்த இடைவெளியில் வாசிப்பு முனை மிதக்கிறது. அது கெட்டிருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் தட்டைச் சுரண்டலாம். விண்டோஸ் தானாக ஓடவிடும் செக்டிஸ்க்கும் இந்த நிலையில் ஆபத்தானது. அது டிஸ்க்கில் எழுதித்தான் 'சரி' செய்யும். அதன் நோக்கம் கோப்பு அமைப்பின் ஒழுங்கு, நம் கடிதங்கள் அல்ல. ஒலி எழாமல், வாசிக்கும்போது மட்டும் திணறும் டிஸ்க் என்றால் அதன் நகலை இன்னொரு டிஸ்க்குக்கு எடுப்பதே முதல் வேலை. குனூ திட்டத்தின் டிடிரெஸ்கியூ என்ற இலவச நிரல் இதற்கென்றே உள்ளது. நல்ல பகுதிகளை முதலில் வேகமாக எடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளுக்குக் கடைசியில் திரும்பி வரும். எதுவரை எடுத்தது என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்வதால், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதன் பிறகு செய்யும் சோதனை, பழுதுநீக்கம் எல்லாம் நகலின் மேல். டிஸ்க்கை ஃப்ரீசரில் வைத்தால் ஓடும் என்ற கைவைத்தியம் இன்னும் சுற்றுகிறது. வெளியே எடுத்ததும் தட்டில் ஈரம் படியும் என்பதால் அது இருக்கும் வாய்ப்பையும் கெடுக்கும்.

இந்தக் கடலோரப் பட்டைக்கென்றே உரிய ஒரு எதிரி உண்டு. அது நீர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை முழுவதும் நனைந்தது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலோடு வந்த வெள்ளம் மணலிப் பக்கத்து எண்ணெயைச் சுமந்துகொண்டு பக்கிங்ஹாம் கால்வாய், கொசஸ்தலையாறு வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் இறங்கியது. எர்ணாவூர், திருவொற்றியூர் பகுதிகளில் வீடுகளுக்குள் புகுந்த நீரிலும் அந்த எண்ணெய் கலந்திருந்தது. லேப்டாப்பின் சுழல் டிஸ்க் முற்றிலும் மூடிய பெட்டி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் காற்றழுத்தத்தைச் சமன்செய்ய அதில் ஒரு சிறு துளையும் வடிகட்டியும் உண்டு. மூழ்கினால் அந்தத் துளை வழியாகச் சேற்று நீர் தட்டுக்குப் போகும். இங்கே நம் வழக்கமான அறிவு எதிராக வேலை செய்கிறது. அரிசி மூட்டையில் புதைப்பது, வெயிலில் காயவைப்பது, ஹேர் டிரையர் பிடிப்பது எல்லாம் உப்பையும் எண்ணெய்ப் படிவையும் தட்டின் மேல் கெட்டியாக்கிவிடும். மீட்புக் கூடங்கள் சொல்வது நேர்மாறானது: ஆன் செய்யாதீர்கள், உலர்த்தாதீர்கள், ஈரத்துணியோடு காற்றுப் புகாத பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். தட்டைக் கழுவி, மாற்று முனை பொருத்தி, தூசியற்ற அறையில் வாசிக்க அவர்களால் முடியும். எவ்வளவு தூரம் முடியும் என்பதற்கு 2003 பிப்ரவரி 1 அன்று வானில் சிதறிய கொலம்பியா விண்கலம் சான்று. அதிலிருந்து விழுந்து, எரிந்து உருக்குலைந்த ஒரு ஹார்டு டிஸ்க்கிலிருந்து ஏறத்தாழ 99 விழுக்காடு தரவு மீட்கப்பட்டது. அதில் பதிவாகியிருந்த, செனான் வாயுவின் பாகுநிலை பற்றிய சோதனையின் முடிவு 2008-இல் ஆய்விதழில் வெளியாகவும் செய்தது. வானத்திலிருந்து விழுந்த தட்டில் தரவு பிழைத்திருக்க, திருவொற்றியூரில் முழங்கால் நீரில் நனைந்த தட்டை அன்றே குப்பையில் போடுவதற்கு நியாயம் இல்லை.

கடிதம் அழிந்த பிறகு மீட்பது இன்னொரு வகை. ஒளிப்படங்களை மீட்பது எளிது, மெயில் கடினம். இதை வாடிக்கையாளருக்கு யாரும் விளக்குவதில்லை. ஒரு படம் ஒரு சின்னக் கோப்பு, டிஸ்க்கில் பெரும்பாலும் தொடர்ச்சியாக இருக்கும். பிஎஸ்டி என்பதோ பத்து ஆண்டுகள் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து, எங்கெங்கே காலி இடம் கிடைத்ததோ அங்கெல்லாம் துண்டு துண்டாகச் சிதறிய பெரிய கோப்பு. துண்டுகளின் வரிசையைச் சொல்லும் கோப்பு அட்டவணை பிழைத்திருந்தால் முழுதாகக் கிடைக்கும். அட்டவணையும் போய்விட்டால், ஃபோட்டோரெக் போன்ற நிரல்கள் முகப்பை அடையாளம் கண்டு கொஞ்சம் எடுக்கும், மிச்சம் விடுபடும். தண்டர்பேர்டின் எம்பாக்ஸ் முறை இங்கே நன்மை செய்கிறது. அது ஒரு கடிதத்தை அடுத்து இன்னொன்றாக வெறும் எழுத்தாகவே அடுக்குவதால், பாதிக் கோப்பு கிடைத்தாலும் அந்தப் பாதிக் கடிதங்களைப் படிக்கலாம். அதில் நீக்கிய கடிதமும் 'காம்பேக்ட்' செய்யும்வரை உள்ளேயே கிடக்கும். பிஎஸ்டியின் உள்கட்டு ஒரு மரம்போல. வேர்ப் பகுதி கெட்டால் கிளையில் கடிதம் இருந்தும் அவுட்லுக் திறக்காது. மைக்ரோசாஃப்டின் ஸ்கேன்பிஎஸ்டி அந்த மரத்தை மறுபடி கட்டிப்பார்க்கும் கருவி. பழைய அவுட்லுக்கில் பிஎஸ்டி 2 ஜிபியைத் தொட்டதும் குலைந்ததுண்டு; 2003 பதிப்பு அதை 20 ஜிபியாகவும் 2010 பதிப்பு 50 ஜிபியாகவும் உயர்த்தின. ஸ்கேன்பிஎஸ்டியையும் நகலின் மேல்தான் ஓட்டவேண்டும். எல்லாவற்றையும்விடக் கொடியது ஃபார்மட். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து முழு ஃபார்மட் என்பது டிஸ்க் முழுவதும் பூஜ்யம் எழுதுவது. அதன்பின் எதுவும் மிஞ்சாது. குவிக் ஃபார்மட்டுக்குப் பிறகு சுழல் டிஸ்க்கில் ஓரளவு நம்பிக்கை உண்டு. சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டியில் அதுவும் குறைவு. நீக்கிய இடத்தை எஸ்எஸ்டி டிரிம் என்ற ஏற்பாட்டால் தானே துடைத்துவிடுகிறது. சுழல் டிஸ்க் பல முறை மன்னிக்கும், எஸ்எஸ்டி அப்படியில்லை.

இத்தனை பாடு படுவதற்குக் கடிதம் எதிர்த்தரப்பிடமும் இருக்குமே, கேட்டு வாங்கிக்கொள்ளலாமே என்பது இரண்டாவது மறுப்பு. உறவு நன்றாக இருக்கும்வரை செல்லும் யோசனை. கடிதம் தேவைப்படுவதோ உறவு கெட்ட பிறகு. டிரைமெக்ஸ் எதிர் வேதாந்தா அலுமினியம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-இல் அளித்த தீர்ப்பை இந்தப் பட்டையில் தொழில் செய்யும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். பாக்சைட் சரக்குகளைக் கப்பலில் அனுப்புவதற்கான பேரம் 2007 அக்டோபரில் மெயில்களில் நடந்தது. கையெழுத்திட்ட ஒப்பந்தப் பத்திரம் இல்லை. முன்வைப்பும் ஏற்பும் மெயிலில் தெளிவாக இருப்பதால் ஒப்பந்தம் பிறந்துவிட்டது என்றது நீதிமன்றம். அந்த மெயில்கள் கையில் இல்லாதிருந்தால் வாதமே இல்லை. சுங்கத் தரகர்கள் தங்கள் ஆவணங்களைக் குறைந்தது ஐந்து ஆண்டு காக்கவேண்டும் என்று 2018-ஆம் ஆண்டு உரிம விதிகள் சொல்கின்றன. ஜிஎஸ்டி சட்டமோ கணக்குகளுக்கு ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யவேண்டிய நாளிலிருந்து 72 மாதம் விதிக்கிறது. அந்தக் கணக்குகளுக்குப் பின்னணி சொல்லும் கடிதங்கள் மட்டும் ஒரு மதர்போர்டின் ஆயுளோடு முடிந்துபோவது சரியாக இருக்கமுடியாது. வணிகர்களோடு இது நிற்பதுமில்லை. கப்பலில் வேலைக்குப் போனவரின் நியமனக் கடிதம், ஒப்பந்தத் தொழிலாளியின் சம்பளச் சீட்டு, காற்றும் கழிமுகமும் கெட்டபோது அதிகாரிகளுக்கு ஊர்க்காரர்கள் அனுப்பிய புகார் எல்லாம் இதே போன்ற டிஸ்க்குகளில்தான் இருக்கின்றன. என்று எழுதினோம் என்பதற்கான சான்று அந்தக் கடிதத்தின் தேதிதான்.

சட்டம் இங்கே தொழில்நுட்பத்தோடு வியக்கத்தக்க வகையில் ஒத்துப்போகிறது. மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் கட்டாயம் என்பதை, பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவின்கீழ், 2014-இல் அன்வர் வழக்கிலும் 2020-இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. மூலக் கருவியையே, அது லேப்டாப்பானாலும் கைபேசியானாலும், உரிமையாளர் சாட்சிக் கூண்டேறி ஒப்படைத்தால் சான்றிதழ் வேண்டாம் என்றும் 2020 தீர்ப்பு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, சான்றிதழில் ஹாஷ் மதிப்பையும் கேட்கிறது. கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் மாறிவிடும் எண்கோவை அது. எனவே தொடுவதற்கு முன் நகலெடு என்று மீட்பவர் சொல்வதும், தொடுவதற்கு முன் ஹாஷ் எடு என்று சட்டம் எதிர்பார்ப்பதும் ஒரே மேசையில், ஒரே மணி நேரத்தில் செய்யவேண்டிய ஒரே வேலை. கடிதங்கள் கிடைத்துவிட்டன என்று பழைய டிஸ்க்கைக் காயலான் கடைக்குப் போடுவதும் இதனால் தவறாகிறது. தகராறு முடியும்வரை மூலம் கையில் இருக்கவேண்டும்.

செலவு அதிகம் என்பது மூன்றாவது மறுப்பு. தூசியற்ற அறை தேவைப்படும் வேலைக்கு அது உண்மைதான். சிறு அலுவலகத்துக்குப் பாரமே. ஆனால் அந்த நிலைக்கு வரும் டிஸ்க்குகள் குறைவு. பலவற்றுக்கு ஒரு கேபிளும் ஒரு காலி டிஸ்க்கும் பொறுமையும் போதும். கடையில் கொடுப்பவர் செய்யக்கூடியது, கொடுக்கும்போதே தன் கேள்வியை மாற்றுவது. 'சரிசெய்து கொடுங்கள்' என்ற சொல்லுக்குக் கடைக்காரர் புரிந்துகொள்ளும் பொருள், விண்டோஸ் ஏற்றி ஓடவைத்துத் தருவது. அவர் தன் வேலையை நேர்மையாகச் செய்ததாலேயே கடிதங்கள் போயிருக்கும். 'டிஸ்க்கில் எதுவும் எழுதாதீர்கள், முதலில் கழற்றி என்னிடம் கொடுங்கள்' என்று ரசீதிலேயே எழுதி வாங்கினால் பாதி இழப்புகளைத் தவிர்க்கலாம் என்பது என் துணிபு. அதில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழுதுபார்க்கும் கடைகளைச் சோதித்து 2022-இல் வெளியிட்ட ஆய்வில், சில கடைகளில் ஊழியர்கள் வாடிக்கையாளரின் அந்தரங்கக் கோப்புகளைத் திறந்து பார்த்ததும் நகலெடுத்ததும் பதிவாயின. வாடிக்கையாளர்களின் சரக்கு விவரம், வங்கி விவரம் எல்லாம் கொண்ட டிஸ்க்கைக் கழற்றாமல் ஒப்படைப்பது, திரை மாற்றுவதற்கு அலமாரிச் சாவியைக் கொடுப்பது போன்றது.

இன்னும் நேரம் இருக்கும்போதே கவனிக்கவேண்டிய ஒரு குவியல் எஞ்சியிருக்கிறது. பரணிலும் மேசை அடியிலும் கிடக்கும், 2000-களின் தொடக்கத்து லேப்டாப்புகளும் கணினிகளும். அவற்றின் டிஸ்க் சாட்டா அல்ல, அகலப் பட்டையும் ஊசிமுனைகளும் கொண்ட ஐடிஇ. அதற்கான மாற்றிக் கேபிள் இன்னும் கிடைக்கிறது. உள்ளே அவுட்லுக் எக்ஸ்பிரஸின் டிபிஎக்ஸ் கோப்புகள் இருக்கும். அவற்றை இஎம்எல் என்ற தனித்தனிக் கடிதக் கோப்புகளாக மாற்றும் நிரல்களும் இன்னும் உண்டு. மாற்றிவிட்டால் எந்தக் கணினியிலும் திறக்கும். கடற்காற்றின் உப்பு அந்த ஊசிமுனைகளை ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கிறது. எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் இயங்கத் தொடங்கிய நாட்களில் இந்தக் கரையில் யார் யாருக்கு என்ன எழுதினார்கள் என்பதற்கு, பல சிறு அலுவலகங்களின் தரப்பில் வேறு பிரதி இல்லை. அடுத்த மழைக்காலத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த டிஸ்க்குகளைக் கழற்றி, ஒவ்வொன்றாக இணைத்து நகலெடுத்துவிடலாம்.